ஓடைக்கரைச் செடிகள் உண்ணும் தழைச்சத்து

ஐப்பசி மழை வந்துவிட்டால் நம் அம்மையார்குப்பத்தில் தறி ஓசையோடு தண்ணீர் ஓடும் ஓசையும் சேர்ந்து கேட்கும். வயல் வரப்பைத் தாண்டி வழியும் நீர் வாய்க்காலில் இறங்கி ஓடையை அடைகிறது. திருத்தணி வட்டாரத்து ஓடைகள் பலவும் கொசஸ்தலை ஆற்றுக்கு உரியவை. 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் அந்த ஆற்றின் குறுக்கேதான் நிற்கிறது. அங்கிருந்து சென்னை மக்களுக்குக் குடிநீர் போகிறது. ஆகவே நம் ஓடையில் என்ன கலக்கிறது என்பது நம் ஊர்க் கவலை மட்டுமன்று.

நெல்லுக்கும் கரும்புக்கும் நம் தந்தையர் யூரியா இடுகின்றனர். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் உள்ளது. உழவர் அதைத் தழைச்சத்து என்பர். இட்டது முழுவதையும் பயிர் உண்பதில்லை. மீந்ததில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றுகின்றன. களிமண் இதைப் பற்றி வைத்துக்கொள்வதில்லை. நீர் போகும் வழியெல்லாம் இதுவும் போகும், கிணற்றுக்குள்ளும் இறங்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. 1945-இல் அமெரிக்க மருத்துவர் ஹன்டர் காம்லி, இத்தகைய கிணற்று நீரில் பால் கலந்து ஊட்டப்பெற்ற கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததை எழுதி வெளியிட்டார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்ததே காரணம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாதென இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

இனி, கரையில் நிற்கும் கோரையையும் சம்பையும் பார்ப்போம். இவை வேரால் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் உறிஞ்சுகின்றன. நைட்ரேட்டைச் செடி அப்படியே பயன்படுத்த இயலாது. முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியமாகவும் மாற்றி, அமினோ அமிலங்கள் செய்து, அவற்றைக் கோத்துப் புரதமாக்குகிறது. நூலைப் பாவாக்கி, பாவைத் துணியாக்குவது போலத்தான். அம்மோனியமே கிடைத்துவிட்டால் இந்த முதல் வேலை மிச்சம். ஆகாயத்தாமரையோ மண்ணையே நாடாமல், தொங்கும் வேர்க்கற்றையால் நேரே நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதைவிட வியப்பானது சேற்றுக்குள் நடப்பது. சம்பின் தண்டைக் குறுக்கே வெட்டினால் காற்றறைகள் தெரியும். அவற்றின் வழியே பிராணவாயு வேருக்கு இறங்கிச் சிறிது வெளியே கசியும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. சற்றுத் தள்ளி, காற்றே இல்லாத சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வானில் விட்டுவிடுகின்றன. வேர் உண்டதைவிட வேரடியில் குடியிருப்போர் கழித்தது மிகுதியாகவும் இருக்கலாம்.

எங்கள் அறிவியல் மன்றத்தார் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஓடைநீர் நிரப்பி, இரண்டிலும் ஒரு சிட்டிகை யூரியா இட்டு, ஒன்றில் மட்டும் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டோம். சில நாட்களில் செடியில்லாத புட்டி பாசியால் பச்சையாயிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது. "செடி தழைச்சத்தை உண்டுவிட்டது!" என்று குதித்தோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, "இலை நிழலால் பாசி வளராமல் இருந்திருக்கலாம் அல்லவா?" என்றார். எங்களிடம் விடையில்லை. அடுத்த முறை இரண்டு புட்டிகளுக்கும் மேலே ஒரே அளவு அட்டை நிழல் வைப்பதென்று குறித்துக்கொண்டோம்.

சிற்றோடை என்று இகழ வேண்டா. அமெரிக்காவில் 12 சிற்றோடைகளில் அடையாளமிட்ட நைட்ரஜனைக் கலந்து பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. உயிர்கள் செழித்து வளரும் பருவத்தில், ஓடைக்கு வந்த நைட்ரஜன் உப்புகளில் பாதிக்கும் குறைவே கீழே சென்றதாம். பாசியும் நுண்ணுயிரும் மற்றதை மறித்துக்கொண்டன. ஓடை சிறிதாயிருக்குமளவு நீர் தரையோடும் வேரோடும் உரசுவது அதிகம். அதனால் பிடிபடுவதும் விரைவு.

ஒரு குறை உண்டு. மாசி, பங்குனியில் ஓடை வற்றும்போது செடிகள் வாடி அங்கேயே அழுகினால், உண்டதில் பெரும்பங்கைத் திரும்பக் கக்கிவிடும். ஆகாயத்தாமரையைக் கரையோரமே குவித்து வைத்தாலும் இதே கதைதான், அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். கோரையை அறுத்துப் பாய் முடைந்தால் அந்த நைட்ரஜன் வீட்டுக்கு வந்துவிடுகிறது! புல்லறுத்து மாட்டுக்குப் போடுவதும் நன்றே. சாணம் மட்டும் ஓடைக்குப் போகக்கூடாது. சென்ற முறை பிடுங்கிய ஆகாயத்தாமரையை, விதைத் தண்டுகளை நீக்கிவிட்டு, பள்ளித் தோட்டத்துக் குழியில் இட்டு மண் மூடியுள்ளோம். அது மக்கியதும் கத்தரிப் பாத்திக்குப் போகும். அங்கு யூரியா இடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.