ராப் இசையும் எதுகை மோனையும்

மலேசியத் தமிழ் ராப் எதிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டால், பலரும் 2006-இல் வந்த யோகி பி – நட்சத்ராவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பையே சொல்வர். என் சேகரிப்பில் முதலிடம் 1998-இல் பொயட்டிக் அம்மோ குழு வெளியிட்ட 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' தொகுப்புக்குத்தான். சூலியா தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் அதன் ஒலிநாடா கிடைத்தது.

யோகி பி உள்ளிட்ட நால்வர் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என நான்கு மொழிகளில் பாடினர். (கண்டோனீஸுக்குப் பதில் ஹொக்கியன் என்றால் சூலியா தெருவின் பேச்சும் அதுவே.) அதை வாங்கிய மலாய், சீன இளைஞர்களின் காதிலும் தமிழ் விழுந்தது. தனித் தமிழ்த் தொகுப்பு அந்த வேலையைச் செய்வது கடினம்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். ஆங்கில ராப் பெரிதும் அடியிறுதி ஒலி ஒற்றுமையை நம்புகிறது. நம் யாப்பில் அது இயைபு. தமிழிலோ இயைபு மலிவு. வினைமுற்று வாக்கிய இறுதியில் நிற்பதால் வந்தான், நின்றான், சென்றான் என்று யாரும் அடுக்கலாம், உழைப்பே இல்லை. மோனையும் எதுகையும் தாளத்தின் அடி விழும் இடத்தில் வந்து அமர்ந்தால்தான் தமிழ் ராப்புக்கு உறுதி வரும். ஒரு தொகுப்பை நான் எடைபோடுவது இதைக் கொண்டே. 'வல்லவன்' தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து', 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலின் மறுவடிவம். பழைய மெட்டு வரும் இடத்தைத் தள்ளிவிட்டு, ராப் பகுதியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

முன்னாள் மாணவர்களே, அக்கால ஒலிநாடாக்கள் வீட்டில் கிடந்தால் வீசிவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.