அளவையும் ஆண்டவனும்

அன்னவாசலுக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல், சமண முனிவர் தவமியற்றிய குன்றம். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதைச் சமணம் ஏற்பதில்லை. உலகம் தொடக்கமற்றது என்பதே அதன் துணிபு. இம்மறுப்பைத் தமிழ்ச் சைவம் செவிமடுக்காது ஒதுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், தாம் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோர் கொள்கைகளை முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார்.

உலகாயதர் காட்சியளவை ஒன்றையே கொள்வர். சைவ சித்தாந்திகளோ காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் கொள்வர். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைத் தடாக ஓவியம் உளது. அதனைத் தீட்டியவனை நாம் கண்டிலோம். எனினும் அவன் இருந்தான் எனக் கருதலளவையால் அறிகிறோம். அதுபோல உலகுக்கும் முதல்வன் உண்டென்பர் சித்தாந்திகள். 'ஓவியர் பிறரைக் கண்டுள்ளோம். உலகு படைப்பவரைக் கண்டவர் யார்?' என்பர் மறுப்போர். அவ்வினா எளிதன்று. ஆயினும் அஃது ஐயத்தை எழுப்புமேயன்றி, இன்மையை நிறுவாது.

அறிவியலும் அத்தகையதே. கணிதமேதை இராமானுசன் நாமகிரித் தாயாரின் அடியவர். 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இறைமறுப்பாளர். கணக்கு இருவர்க்கும் பொது, முடிபோ வேறு. அளக்கத்தக்க பொருள்களின் இயல்பை அறிவியல் உரைக்கும். அளவுகோலுக்குள் அடங்காததை இல்லையென முடிக்க அதனிடம் கருவியில்லை.

ஆதலின், 'கடவுளைக் காட்டுங்கள்' எனப் பிள்ளைகள் வினவின், பெற்றோர் வெகுளற்க. வாயடைக்கப்பட்ட பிள்ளை ஐயத்தை விடான், வினவுதலையே விடுவான். முழுதும் கேட்டு, அன்போடு விடை கூறுதலே அடியார் கடன்.