நிலம் நடுங்கிய ஆண்டு

நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகக் கூறுதல் நம் முன்னோர் வழக்கு. ஏர் கொண்டு உழுதாலும், கடப்பாரை கொண்டு தோண்டினாலும், வானளாவிய மாளிகைகளை எழுப்பினாலும், நிலம் அசையாது நிற்கின்றது. அந்த நம்பிக்கையின்மீதே மனிதன் வீடு கட்டினான், ஊர் அமைத்தான், நகரங்களைப் படைத்தான். ஆயினும், அசையாதது என்று நாம் நம்பியிருக்கும் நிலமும் சில வேளைகளில் நடுங்குகின்றது. அவ்வாறு நடுங்குங்கால், பல தலைமுறையினர் பாடுபட்டுக் கட்டிய ஊர் சில நொடிகளில் மண்மேடாகிவிடுகின்றது.

உலகில் ஆண்டுதோறும் எண்ணற்ற நில நடுக்கங்கள் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நுண்ணிய கருவிகளே அறியும், மக்கள் அறியார். எனினும், சில ஆண்டுகள் நில நடுக்க வரலாற்றில் நீங்காத இடம் பெற்றுவிடுகின்றன. அத்தகைய ஆண்டுகளுள் ஒன்று 1960. அவ்வாண்டில் மூன்று மாத காலத்திற்குள் ஆப்பிரிக்காவிலும், ஆசியாவிலும், தென் அமெரிக்காவிலும் நிலம் நடுங்கிப் பேரழிவு நேர்ந்தது. அந்நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்வோமாயின், மக்கள் மடிவதற்கும் பிழைப்பதற்கும் காரணம் நில நடுக்கத்தின் வலிமை மட்டுமன்று என்னும் உண்மை புலனாகும்.

நிலம் நடுங்குவது ஏன்? நாம் வாழும் இவ்வுலகின் மேலோடு ஒரே பாறையால் ஆனதன்று. அது பல பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அத்தட்டுகள், நம் விரல் நகம் வளர்வது போல, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்கின்றன. இரண்டு தட்டுகள் உராயும் இடத்தில் அவை வழுக்கிச் செல்ல இயலாது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மூங்கிற்கழியை இரு கையாலும் வளைத்தால் அது சிறிது நேரம் வளைந்துகொடுத்துப் பின் ‘படீர்’ என முறிகின்றதன்றோ? அவ்வாறே, நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கிய பாறைகளும் ஒரு நாள் சட்டென நழுவுகின்றன. அப்போது எழும் அதிர்வே நில நடுக்கம்.

இதன் ஆற்றலைக் குறிக்க அறிஞர் ஓர் அளவை வகுத்துள்ளனர். அவ்வளவையில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு கூடும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு 1960ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைக் காண்போம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்கில் மொராக்கோ என்னும் நாடு உள்ளது. அந்நாட்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் அமைந்த துறைமுக நகரம் அகாதிர். 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள். அது இசுலாமியரின் நோன்பு மாதம். பகலெல்லாம் நோன்பிருந்த மக்கள் இரவில் உணவுண்டு, பலர் உறங்கச் சென்றுவிட்டனர். சில நாட்களாகவே அங்குச் சிறு நடுக்கங்கள் தோன்றின. எனினும் அவற்றை எவரும் பெரிதாகக் கருதவில்லை. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் நகரின் அடியிலேயே, ஆழம் மிகாத இடத்தில், பாறை நழுவிற்று. நடுக்கம் நீடித்தது ஏறத்தாழ 15 நொடிகளே. அந்த 15 நொடிகளில் குன்றின்மேல் இருந்த பழைய கோட்டையூரும், அதன் அடிவாரத்துக் குடியிருப்புகளும் தரைமட்டமாயின. கல்லை மண்சாந்தால் இணைத்துக் கட்டிய வீடுகள் உறங்கியோர்மீது சரிந்தன. நடுக்கத்தைத் தாங்கும் வகையில் அமைக்கப்பெறாத புதிய மாடிக் கட்டடங்களும் வீழ்ந்தன. நகர மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 12,000 முதல் 15,000 பேர் வரை, அவ்விரவில் மாண்டனர்.

இத்துணைப் பேரழிவை விளைத்த நில நடுக்கத்தின் அளவு என்ன? 6க்கும் சற்றுக் குறைவே. உலகளவில் நோக்கினால் அது நடுத்தரமான நடுக்கமே.

இரண்டு திங்கள் கழித்து, ஏப்ரல் 24ஆம் நாள், ஈரான் நாட்டின் தென்பகுதியிலுள்ள லார் என்னும் ஊரில் நிலம் நடுங்கிற்று. அதன் அளவு ஏறத்தாழ 6. அங்கும் பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகளே மிகுதி. அவை இடிந்து ஏறக்குறைய 400 பேர் உயிரிழந்தனர்.

அடுத்த மாதம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சிலி நாட்டில் நிகழ்ந்ததோ, கருவிகள் கொண்டு அளக்கத் தொடங்கிய காலந்தொட்டு இன்றுவரை பதிவாகிய நில நடுக்கங்கள் அனைத்தினும் பெரியது. மே 21ஆம் நாள் விடியற்காலையில் கான்செப்சியோன் நகரை ஒரு பெரு நடுக்கம் குலுக்கிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் மீண்டும் ஒரு நடுக்கம் தோன்ற, மக்கள் அஞ்சி வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தனர். அவர்கள் உள்ளே திரும்புமுன், பிற்பகல் 3 மணி 11 நிமிடத்திற்குப் பெரு நடுக்கம் எழுந்தது. அதன் அளவு 9.5. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடிப் பாறை நழுவிற்று. வால்டிவியா நகரைச் சூழ்ந்த நிலம் தாழ்ந்து, வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நீரில் மூழ்கின. இரண்டு நாட்களில் ஓர் எரிமலையும் வெடித்தது. வெண்கல மணியைத் தட்டினால் அதன் ஒலி நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருப்பது போல, இவ்வுலகம் முழுவதும் பல நாட்கள் அதிர்ந்துகொண்டிருந்ததை அறிஞர்கள் தம் கருவிகளால் கண்டனர்.

அகாதிர் நடுக்கத்தைவிடச் சிலி நடுக்கம் வெளிப்படுத்திய ஆற்றல் சில இலட்சம் மடங்கு பெரியது. ஆயின், உயிரிழந்தோர் தொகையோ அவ்வாறு இல்லை. சிலியில் மாண்டோர் 1,600க்கு மேற்பட்டோர் என்பர் ஒரு சாரார். ஐயாயிரத்தையும் கடந்தனர் என்பர் மற்றொரு சாரார். எக்கணக்கைக் கொள்ளினும், அகாதிரில் மாண்டோரினும் அது மிகக் குறைவே. அவருள்ளும் பலரை மாய்த்தது வீடுகளின் இடிபாடன்று, கடல்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் சில உள. பெரு நடுக்கம் நேர்ந்தபோது மக்கள் பலர் வெளியில் நின்றனர். தென் சிலியில் மரத்தாலான வீடுகள் மிகுதி. மரவீடு ஆடுமேயன்றி எளிதில் நொறுங்கிவிடாது. இவற்றோடு மற்றொன்றும் உண்டு. 1939ஆம் ஆண்டில் அந்நாட்டின் சில்லான் நகரில் நேர்ந்த நில நடுக்கம் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. அத்துயரத்தால் பாடம் கற்ற சிலி நாட்டார், கட்டடங்கள் நடுக்கத்தைத் தாங்கும் வகையில் அமைதல் வேண்டும் என விதிகளை வலுப்படுத்தினர். முன்னைய தலைமுறையின் துன்பம் பின்னைய தலைமுறையின் காவலாயிற்று.

நில நடுக்கத்திற்குப் பின்னரும் வால்டிவியா நகருக்கு ஓர் இடர் காத்திருந்தது. நகருக்கு மேற்புறத்தே மலைகளுக்கிடையில் ரிஞ்ஞிகுவே என்னும் ஏரி உள்ளது. நடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து வீழ்ந்து, அவ்வேரியினின்று ஆறு புறப்படும் வழியை அடைத்துவிட்டது. மண்ணணை 24 மீட்டர் உயரம் நின்றது. ஏரி நீர் நாள்தோறும் உயர்ந்தது. அணை உடைந்தால் கீழேயுள்ள ஊர்கள் எல்லாம் அடித்துச் செல்லப்படும். 1575ஆம் ஆண்டில் இவ்வாறே ஓர் அடைப்பு ஏற்பட்டு, பின்னர் உடைந்து, பலரை மாய்த்த செய்தி வரலாற்றில் இருந்தது. ஆகவே, பொறியாளர் ரவுல் சாயெஸ் என்பார் தலைமையில் தொழிலாளர் பலர் திரண்டனர். சேற்றில் பொறிகள் புதைந்து இயங்காதபோது, அவர்கள் மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். மழையிலும் குளிரிலும் நின்று மண்ணை வெட்டி, அணையின் உயரத்தை 15 மீட்டராகக் குறைத்தனர். ஜூலை மாத இறுதியில் நீர் வழிந்தோடத் தொடங்கிற்று. வெள்ளம் வந்தது, ஆயினும் ஒருங்கே பாய்ந்து ஊரை அழிக்கவில்லை. பேரழிவு நிகழுமுன்னரே அதனைத் தடுத்த அத்தொழிலாளரின் செயலை எத்துணைப் புகழினும் தகும்.

இனி, கடல் விளைத்த துன்பத்தைக் காண்போம். கடலடி நிலம் திடீரென உயர்ந்து தாழ்ந்தமையால் ஆழிப்பேரலை எழுந்தது. சிலிக் கரையில் நடுக்கம் அடங்கியபின் கடல் பின்வாங்கிற்று. பின்னர் மலையென எழுந்து வந்தது. நடுக்கம் தோன்றியவுடனேயே மேட்டு நிலம் சென்றோர் பிழைத்தனர். முதல் அலை வடிந்ததும் ஆபத்து நீங்கியது எனக் கருதிப் பொருள்களை எடுக்கத் தாழ்நிலம் திரும்பியோர் சிலர், அடுத்த அலையில் அகப்பட்டு மாண்டனர்.

அவ்வலை சிலியோடு நிற்கவில்லை. மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, 15 மணி நேரத்தில் ஹவாய்த் தீவுகளை அடைந்தது. அங்கு 1946ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின் ஓர் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டிருந்தது. ஆதலின் அலை வருமென்பது முன்கூட்டியே அறியப்பட்டது. ஹிலோ நகரில் இரவு எட்டரை மணிக்கே அபாயச் சங்கு ஒலித்தது. அலை வந்ததோ நள்ளிரவுக்குப் பின். இடையே மூன்று மணி நேரத்திற்கு மேல் இருந்தது. ஆயினும் 61 பேர் மாண்டனர். ஏன்? அச்சங்கின் பொருள் யாது என்பதைப் பலர் தெளிவாக அறிந்திலர். சிலர் வீட்டிலேயே தங்கினர். சிலர் அலையை வேடிக்கை பார்க்கக் கரைக்குச் சென்றனர். முதலில் வந்த அலைகள் சிறியனவாக இருந்தமையால் அச்சம் நீங்கிற்று. ஒரு மணி 4 நிமிடத்திற்குப் பேரலை வந்து மோதியது. அந்நேரத்தில் நின்றுபோன கடிகாரம் ஒன்று இன்றும் அந்நகரில் நினைவுச் சின்னமாக நிற்கின்றது.

மேலும் சில மணி நேரத்திற்குப் பின், மே 24ஆம் நாள் விடியற்காலையில், அலை ஜப்பானை அடைந்தது. சிலிக்கும் ஜப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தொலைவு. ஜப்பானியர் பேரலையை அறியாதவரல்லர். நிலம் நடுங்கினால் குன்றேறுக என்பது அவர்தம் முன்னோர் கற்பித்த பாடம். ஆனால் அன்று அவர்கள் நிலம் நடுங்கவில்லை. நடுங்கியது உலகின் மறுகோடியில். ஹவாயில் அலை மோதிய செய்தி இருந்தும், மக்களுக்கு உரிய எச்சரிக்கை உரிய காலத்தில் விடுக்கப்படவில்லை. ஏறத்தாழ 140 பேர் உயிரிழந்தனர். ஓர் இடத்தில் எச்சரிக்கை இருந்தும் அதன் பொருள் விளங்கவில்லை. மற்றோரிடத்தில் மக்கள் அறிவுடையராய் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றிக் காவல் முழுமை பெறாது.

இத்துன்பங்கள் வீண்போகவில்லை. அகாதிர் நகரம் பழைய இடத்திற்குத் தெற்கே, நடுக்கத்தைத் தாங்கும் விதிகளுக்கு உட்பட்டுப் புதிதாக எழுந்தது. பசிபிக் கடலைச் சூழ்ந்த நாடுகள் ஒன்றுகூடி எச்சரிக்கைச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள 1965ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. சிலியில் 2010ஆம் ஆண்டில் 8.8 அளவுடைய பெரு நடுக்கம் நேர்ந்தபோது, பெரும்பாலான கட்டடங்கள் நிலைத்து நின்றன. ஆனால், இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய எச்சரிக்கை அமைப்பு நெடுங்காலம் இல்லை. அதன் விளைவை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தமிழகக் கடற்கரை ஊர்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்து அறிந்தன. அதன் பின்னரே, 2007ஆம் ஆண்டில், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. பிறர் பட்ட துன்பத்திலிருந்து கற்கத் தவறினால், அதே பாடத்தை நாம் பட்டே கற்க நேரிடும்.

மாணவர்களே! நில நடுக்கத்தைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அது வரும் நாளையும் நேரத்தையும் முன்னறிந்து கூறும் அறிவையும் அவன் இன்னும் பெற்றிலன். ஆயின், வீட்டை உறுதியாகக் கட்டுதல் அவன் கையில் உள்ளது. எச்சரிக்கையை அறிவித்தலும், அதனை மதித்து நடத்தலும் அவன் கையில் உள்ளன. கடற்கரையில் இருக்கும்போது நிலம் நெடுநேரம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாகப் பின்வாங்கினாலோ, எவர் அறிவிப்புக்கும் காத்திராது மேட்டு நிலம் செல்லுதல் வேண்டும். முதல் அலை வடிந்தது கண்டு திரும்புதல் கூடாது. 1960ஆம் ஆண்டில் மாண்டோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இவ்வறிவே. இதனைப் போற்றிக் காத்தலும், அறியாதார்க்கு எடுத்துரைத்தலும் கற்றோர் கடனாகும்.