நல்ல மனம் மட்டும் போதுமா?

டிசம்பர் விடுமுறைக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. எங்கள் பள்ளியின் சமூகச் சேவைக் குழு கம்போடியாவுக்குச் செல்லவிருந்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் எனக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்தது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவத்தோடு அன்று மாலை வீட்டிற்கு ஓடி வந்தேன்.

படிவத்தில் எட்டு நாள் பயணத் திட்டம் அச்சிடப்பட்டிருந்தது. அங்கோர் வாட் கோயிலுக்குப் பெயர்பெற்ற சியம் ரீப் நகரத்தின் அருகில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்று நாள்கள் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். அதன் பிறகு, ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்று இரண்டு நாள்கள் குழந்தைகளோடு விளையாட வேண்டும். அவர்களுக்குக் கொடுப்பதற்காக என் பழைய பொம்மைகளை அப்போதே ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மட்டும் படிவத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் தொண்டூழியம் செய்யக் கம்போடியாவுக்குப் போனேனே, நினைவிருக்கிறதா?” என்று கேட்டவாறு, தம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் அக்காவின் மடியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அழகாக இருக்கிறாளே! அவள் பெயர் என்ன, அக்கா?”

“நினைவில்லை,” என்றார் அக்கா. “அவளை நாற்பது படங்கள் எடுத்திருக்கிறேன். ஆனால், பெயர் நினைவில்லை.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா தொடர்ந்து பேசினார்.

“முதல் நாள், நாங்கள் ஓர் ஆங்கிலப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். நாங்கள் முதல் வரியைப் பாடுவதற்குள் குழந்தைகள் பாட்டை முடித்துவிட்டார்கள். எங்களுக்கு முன்பு வந்த குழுவும் அதே பாட்டைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. அதற்கு முந்திய குழுவும் அப்படித்தான். நிறங்கள், விலங்குகள், ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள் என எல்லாருமே முதல் பாடத்தைத்தான் கற்பித்தார்கள். இரண்டாம் பாடத்தை யார் கற்பிப்பது?”

கடைசி நாளில் நடந்ததைச் சொன்னபோது அக்காவின் குரல் தணிந்தது. “நாங்கள் கிளம்பும் நேரம். அந்தச் சிறுமி என் கையை விடவே இல்லை. ‘நாளைக்கு வருவாயா?’ என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் அழக்கூடாதே என்று ‘வருவேன்’ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எனக்கு விமானம். எனக்கு அது ஒரு பிரிவு. அவளுக்கோ ஒவ்வொரு குழு வந்து போகும்போதும் ஒரு பிரிவு.”

“ஆனால், அவளுக்குத்தான் தாய் தந்தை இல்லையே, அக்கா. சில நாள்களாவது யாரோ ஒருவர் அன்பு காட்டுவது நல்லதுதானே?”

“நானும் அப்படித்தான் நினைத்தேன். புறப்படும் முன் அங்கு வேலை செய்த ஒருவரிடம் பேசினேன். அந்தச் சிறுமியின் அம்மா இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில் உயிரோடு இருக்கிறார் என்றார் அவர்.”

நான் திகைத்துப்போனேன். அன்று இரவு நானும் அக்காவும் கணினியின் முன் அமர்ந்து இதைப் பற்றிய தகவல்களைத் தேடினோம்.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களும் படித்தவர்களும் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏராளம். ஆனால், இன்று இல்லங்களில் வாழும் குழந்தைகள் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் கூறுகிறது.

அப்படியானால், அவர்கள் ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? முக்கியக் காரணம் வறுமை. “உங்கள் பிள்ளைக்கு மூன்று வேளை உணவு கிடைக்கும், பள்ளிக்குப் போகலாம், ஆங்கிலம் படிக்கலாம்,” என்று யாராவது சொன்னால், ஏழைப் பெற்றோர் நம்பி அனுப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் இல்லங்களும் உண்டு. ஆனால், சுற்றுப்பயணிகளும் தொண்டூழியர்களும் நன்கொடையோடு வரத் தொடங்கியதும், அந்தப் பணத்திற்காகவே சிலர் இல்லங்களைத் திறந்தனர். குழந்தைகள் அதிகமாக இருந்தால் நன்கொடையும் அதிகமாகும். அவர்கள் வாடிய முகத்தோடு இருந்தால் பார்ப்பவர் மனம் இன்னும் இளகும். இப்படித்தான் இரக்கமே ஒரு வணிகமாக மாறுகிறது.

இதைத் தடுக்க 2011ஆம் ஆண்டில் ‘ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு கம்போடியாவில் ஒரு விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் சுவரொட்டியில் குழந்தைகள் அரும்பொருளகப் பொருள்களைப் போல் கண்ணாடிப் பேழைக்குள் நிற்பார்கள். சுற்றுப்பயணிகள் அவர்களைப் படம் பிடிப்பார்கள். குழந்தைகள் காட்சிப்பொருள்கள் அல்லர் என்பதே அதன் செய்தி. பின்னர், கம்போடிய அரசாங்கமும் இல்லங்களில் உள்ள பிள்ளைகளை மீண்டும் குடும்பங்களோடு சேர்க்கும் முயற்சியில் இறங்கியது.

“நான் தவறு செய்யவேண்டும் என்று போகவில்லை. என்னோடு வந்தவர்களும் நல்லவர்கள்தாம்,” என்றார் அக்கா. “ஆனால், ஒரு கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத வெளிநாட்டவர் இருபது பேர் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள பாலர் பள்ளிக்குள் நுழைந்து, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? நம் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், அங்குள்ள பிள்ளைகளுக்கு வேறொரு நியாயமா?”

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று பாட்டி அடிக்கடி சொல்வார். பிறருக்கு உதவுவதற்கும் அது பொருந்தும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் நடந்த குழுக் கூட்டத்தில் நான் தயங்கித் தயங்கி இவற்றைச் சொன்னேன். “அப்படியென்றால் நாம் போகவே வேண்டாமா?” என்று ஒரு நண்பன் கோபமாகக் கேட்டான். சிலர் ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தார்கள். பொறுப்பாசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போகலாம். ஆனால், அவர்களுக்கு என்ன தேவை என்று நாமே முடிவு செய்யாமல், அவர்களையே முதலில் கேட்போம்,” என்றார்.

அன்றே அவர் அந்தத் தொடக்கப்பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு வாரங்களில் பதில் வந்தது. அங்கே பாடம் நடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் மொழியும் நிலையும் அவர்களுக்குத் தெரியும். ஆனால், ஆங்கிலத்தில் பேசிப் பழக அவர்களுக்கு வாய்ப்பில்லை. படித்துக்காட்ட எளிய கதைப் புத்தகங்களும் போதவில்லை. “எங்கள் ஆசிரியர்களோடு பேசுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும் பேசுங்கள்,” என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார்.

எங்கள் பயணத் திட்டம் மாறியது. இல்லத்திற்குச் செல்வது நீக்கப்பட்டது. நாங்கள் எளிய கதைகளை எழுதி, படம் வரைந்து, வாசித்து ஒலிப்பதிவு செய்துவருகிறோம். டிசம்பரில் அவற்றை அங்குள்ள ஆசிரியர்களிடம் ஒப்படைப்போம். பயணத்திற்குப் பிறகு, மாதம் இருமுறை இணையம் வழியாக அவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடவும் ஏற்பாடாகியுள்ளது. நாங்கள் உயர்நிலைப் பள்ளியை விட்டுச் சென்ற பிறகு, அடுத்த அணி அதைத் தொடரும்.

இந்தத் திட்டத்தில் மடியில் குழந்தையை வைத்து எடுத்த படம் எதுவும் எனக்குக் கிடைக்காது. ஆனால், நாங்கள் இல்லாதபோதும் அந்த வகுப்பறையில் இரண்டாம் பாடம் நடக்கும்.

கலந்துரையாடுவோம்

1. ‘இரண்டாம் பாடத்தை யார் கற்பிப்பது?’ என்று அக்கா கேட்டதன் பொருள் என்ன?
2. பெற்றோர் உயிருடன் இருந்தும் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பப்படுவது ஏன்?
3. ‘இரக்கமே ஒரு வணிகமாக மாறுகிறது.’ இக்கூற்றைப் பகுதியில் உள்ள கருத்துகளைக்கொண்டு விளக்குக.
4. நீ வெளிநாட்டிற்குத் தொண்டூழியம் செய்யச் செல்வதாக இருந்தால், புறப்படும் முன் யாரிடம் என்னென்ன கேள்விகள் கேட்பாய்? உன் குழுவினருடன் கலந்து பேசுக.