நோயின் பெயரை அறியும் வேளை

மலத்தோடு இரத்தம் போனால், ‘உடம்புச் சூடு’ என்றும் ‘மூலம்’ என்றும் தாமே பெயரிட்டு, மோரும் வெந்தயமும் உண்டு நாள் கடத்துவது நம் லயன் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். மூலமாகவும் இருக்கலாம். ஆயினும் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. 2012 முதல் 2016 வரை மலேசியாவில் எடுக்கப்பட்ட புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களிடையே முதலிடம் பெற்றது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் அதற்கு. வந்து சேர்வோரில் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர்.

விளக்குப் பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, மருத்துவர் குடலின் உட்புறத்தைப் பார்வையிடுவார். ஐயத்துக்குரிய இடத்தில் சிறு துணுக்குச் சதை எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பர். ‘சதையைக் கிள்ளினால் நோய் பரவும்’ என்று அச்சுறுத்துவோர் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அவர் பேச்சைக் கேட்க வேண்டா.

முடிவைக் கேட்கும் நாளுக்குத் தனியே செல்லலாகாது. ‘புற்றுநோய்’ என்னும் சொல் காதில் விழுந்தபின் மருத்துவர் கூறும் மற்றவை மனத்தில் தங்குவதில்லை. இஃது எவருக்கும் நேர்வதே. படித்தவரும் இதற்கு விலக்கல்லர். ஆகவே மனைவியோ, மலாய் நன்கறிந்த மகனோ மகளோ உடனிருந்து, சொல்வதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் பெருங்குடலிலா, மலக்குடலிலா? குடற்சுவரோடு நிற்கிறதா, கல்லீரல் முதலிய பிற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா? அறுவை சிகிச்சை எப்போது? வயிற்றில் பை பொருத்த நேருமா, நேரின் சில மாதங்களுக்கா, நிரந்தரமாகவா? இவற்றைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. விளங்காவிடில், “டாக்டர் ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. பரவுவதற்கு முன் கண்டறியப்பட்டால் அறுவை சிகிச்சையாலேயே குணமடைவோர் பலர். பையும் எல்லார்க்கும் வேண்டுவதன்று. பெரும்பாலும் ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி இருப்போர்க்கே அது நிரந்தரமாகத் தேவைப்படும்.

இனி, சற்றுக் கடினமான செய்தி. “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், மனம் உடைந்துபோவார்” என்று பிள்ளைகள் தனியே வேண்டிக்கொள்வதுண்டு. அன்பினால் சொல்வதே அது. அதனை நாம் இகழவில்லை. முன்னாளில் மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். 1961-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மருத்துவர்களை வினவியபோது, 100-க்கு 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அந்நாட்டின் ரோச்செஸ்டர் நகரில் அதே வினாக்களை எழுப்பியபோது, 97 பேர் சொல்லிவிடுவதே தகும் என்றனர். ஒரு தலைமுறைக்குள் எத்துணை மாற்றம்! இடையில் சிகிச்சை வளர்ந்தது. சிகிச்சைக்கு நோயாளியின் ஒத்துழைப்பும் இன்றியமையாததாயிற்று. எதற்கென்று அறியாமல் ஒருவர் வயிற்றை அறுக்க எவ்வாறு இசைவார்? மாதக்கணக்கில் மருந்தேற்றிக்கொள்ள எவ்வாறு உடன்படுவார்? வீட்டிலுள்ளோர் கண்களைப் பார்த்தே பாதியை ஊகித்து, மீதியை எவரிடமும் கேட்க வழியின்றித் தனிமையில் தவிப்பார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் அவரையே கேட்பது நன்று. ‘எல்லாம் மூத்த மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டா’ என்று அவரே சொன்னால், அதுவும் மதிக்கத்தக்கதே.

வீட்டார் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்புறத்தில் தோன்றும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து பல ஆண்டுகளில் உருவாகிறது. அவ்வளர்ச்சியை முன்னரே கண்டு அகற்றினால் நோயையே தடுக்கலாம். நோய்க்குறி இல்லாத 50 முதல் 75 வயதினர்க்கு, மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் உண்டா என்று அறியும் சோதனை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் செய்யப்படுகிறது. நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் அவ்வயது வரை காத்திராமல், எந்த வயதில் அவருக்கு நோய் கண்டது என்பதை மருத்துவரிடம் கூறி, தமக்கு எப்போது சோதனை தேவை என்று கேட்டறிய வேண்டும். இரத்தம் கண்ணுக்கே தெரிகிறவர்களோ இச்சோதனைக்கெனக் காத்திராமல் நேரே மருத்துவரைக் காண வேண்டும்.