காந்தத்திற்கு உருக்கொடுத்தல்

மின்கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே சிறு பெட்டி போன்ற பகுதி ஒன்று பதிக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'பிக்கப்' என வழங்கும் அப்பகுதியே கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றித் தருகிறது. அதனைக் கையால் செய்வோர் அதிலுள்ள காந்தங்களுக்கு எவ்வாறு உருக்கொடுக்கின்றனர் என்பதை நாம் இங்குக் காண்போம்.

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படையாகும். பிக்கப்பின் காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. காந்தத்தைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் கம்பியைப் பூட்டினால் இது நிகழாது.

காந்தத்தின் வடிவம் ஒலியை மாற்றவல்லது. 1954இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டரின் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கித்தாரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஆறு காந்தத் தண்டுகள் வெவ்வேறு உயரத்தில் அமைந்தன. அக்காலத்து மூன்றாம் கம்பி, மெல்லிய எஃகின்மீது வேறொரு கம்பி சுற்றப்பட்டதாகும். அதன் ஒலி மெலிந்திருந்தமையால் அதற்குரிய தண்டு உயர்த்தப்பட்டது. இன்று பலரும் சுற்றில்லாத கம்பியையே பூட்டுகின்றனர். பழைய உயரத்தில் அதன் ஒலி மட்டும் மிகுந்து கேட்கிறது. எனவே, கம்பிக்கேற்பத் தண்டின் உயரம் அமைதல் வேண்டும்.

இத்தண்டுகள் பெரும்பாலும் அல்னிக்கோவால் ஆனவை. இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை சேர்ந்த கலப்புலோகம் அது. மிகக் கடினமானது, ஆயினும் எளிதில் உடையக்கூடியது. வாளால் அறுக்க முயன்றால் வாளே மழுங்கும். சுத்தியால் தட்டினால் தண்டு சிதறும். பொறுமையுடன் தேய்ப்பதே வழி.

செய்முறை வருமாறு:

1. காந்தமூட்டப்படாத தண்டைத் தேர்தல் வேண்டும். காந்தமூட்டிய தண்டைத் தேய்த்தால், உதிரும் துகள்கள் அதன்மீதே ஒட்டிக்கொள்ளும்.

2. நீர்விட்டு, மெல்ல அழுத்தி, சாணைச் சக்கரத்தில் தேய்த்தல் வேண்டும். விரைந்து அழுத்தினால் விளிம்பு பெயரும். இறுதியில் மேல்விளிம்பைச் சற்றே சரிவாக்குவர்.

3. தண்டுகளைச் சட்டத்தில் பொருத்தி, மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றுதல் வேண்டும்.

4. பின்னர், வலிமைமிக்க இரு காந்தங்களுக்கிடையே பிக்கப்பைச் செலுத்திக் காந்தமூட்டுவர். இதனால் ஆறு தண்டுகளும் ஒரே துருவத்தை மேல்நோக்கிப் பெறுகின்றன.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். காந்தத்தைத் தேய்க்கும்போது பறக்கும் துணுக்கு கண்ணைக் கெடுக்கும். தூசி நுரையீரலைக் கெடுக்கும். கண்காப்பும் முகமூடியும் இன்றிப் பிள்ளைகளை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது. நியோடிமியம் காந்தத்தை வீட்டில் தேய்க்கவே கூடாது. அதன் தூள் தீப்பற்றும்.

சிந்திக்க: ஆறு தண்டுகளுள் ஒன்றுமட்டும் தலைகீழாகக் காந்தமூட்டப்பட்டால், அதன் கம்பி எழுப்பும் மின்னழுத்தம் எவ்வாறு வேறுபடும்? காரணத்துடன் தமிழில் எழுதுக.