கஞ்சிக் கோப்பையும் நம் பொறுப்பும்

நோன்பு திறந்து, மஃக்ரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறோம். வாசலில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. சாக்கடையில் கப்புகள் அடைத்துக் கிடக்கின்றன. கால்மணி நேரம் மட்டுமே நம் கையில் இருந்த கப்புகள் அவை. ஒரு பள்ளியில் தினமும் 300 பேர் கஞ்சி குடித்தால், 30 நோன்புக்கு 9,000 கப்புகள் குப்பைக்குப் போகின்றன.

"காகிதம்தானே, மக்கிவிடும்" என்று நினைக்கிறோம். சூடான கஞ்சி அதில் ஒழுகாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே பூசப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். காகிதம் மக்கினாலும் அது மக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் அடங்கும். இத்தகைய கப்பில் 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டால் போதுமா? போதாது. எஃகு செய்ய நிலக்கரியும் மின்சாரமும் நிறையச் செலவாகின்றன. பத்து நாள் பயன்படுத்திவிட்டுப் பரணில் போட்டால் அதுவும் விரயம்தான். திரும்பத் திரும்ப, ஆண்டுக்கணக்கில் புழங்கினால்தான் அது நன்மை தரும். எனவே ஜமாஅத்துக்குப் பொதுவாக ஒரு தொகுதிக் கிண்ணங்களும் தட்டுகளும் இருக்கட்டும். ரமலானில் கஞ்சிக்கும், மற்ற மாதங்களில் நிக்காஹ், வலீமா விருந்துகளுக்கும் அவையே பயன்படட்டும்.

கழுவத் தண்ணீர் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், மூன்று அண்டாக்களில் நீர் வைத்துக்கொள்வோம்: ஒன்றில் சோப்பு நீர், இரண்டில் அலச நல்ல நீர். மிச்சத்தை முதலில் வழித்து ஆடு, கோழிக்குப் போடலாம். சிறிதளவு நீரிலேயே உளூச் செய்து காட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

யார் கழுவுவது என்பது அதைவிட முக்கியம். இந்த வேலை முழுவதும் மோதினார் தலையிலோ பெண்கள் தலையிலோ விழுந்தால், அடுத்த ஆண்டே காகிதக் கப் திரும்ப வந்துவிடும். குடித்தவர் தம் கிண்ணத்தைத் தாமே கழுவி வைக்கட்டும். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவி வந்த நபியவர்களிடம் நமக்கு முன்மாதிரி இருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. நால்வருக்கு ஒரு சஹன் என்றால், 400 பேர் விருந்துக்கு 100 சஹன்களைக் கழுவினால் போதும். பாத்திரத்துக்கு வழியில்லாத இடத்தில் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கின்றன. அவை மண்ணோடு மண்ணாகிவிடும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது தர்மம் என்று கற்றவர்கள் நாம். அதைப் பாதையில் போடாமலே இருப்போம். வரும் ரமலானுக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துச் செல்வதில் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.